மழைக்கு இடம் விடும் சைக்கிள்

ஜொகூரில் குளிர்காலம் கிடையாது. மழைக்காலம் உண்டு. நவம்பர் பிறந்ததும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வரும். மெர்சிங்கில் கறுக்கும் வானம் கோத்தா திங்கியைக் கடந்து, குளுவாங் வரை வந்து நிற்கும். சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். நம் ஜொகூர் பாருவில் அது 2,000 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும்.

இந்தப் பருவத்தில்தான் வானொலி நேயர்கள் சிலர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்: "மலிவா ஒரு ரோட் பைக் வாங்கணும், எது நல்லது?" பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளையவர்கள். உடம்பைக் குறைக்க நினைப்பவர்கள், வார இறுதியில் நண்பர்களோடு நாலு ஊர் சுற்ற ஆசைப்படுபவர்கள். கடைக்குப் போனால் எடை, கியர், டயரின் மெலிவு என்று பேச்சு நீளும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் மட்கார்ட் மாட்ட இடம் இருக்கிறதா?

சிரிக்கிறார்கள். மட்கார்ட் போட்ட சைக்கிள் தாத்தா காலத்துச் சமாச்சாரமாம். அந்தத் தாத்தா ஏன் அப்படி ஒரு சைக்கிள் வைத்திருந்தார் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சாலையில் போய்ப் பார்க்க வேண்டும்.

கூலாயிலிருந்து குளுவாங் வரை

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. நமக்கு இருப்பது பழைய சாலைகள். அவற்றில் கூலாயிலிருந்து லாயாங்-லாயாங், ரெங்கம் வழியாகக் குளுவாங் போகும் பாதை எனக்குப் பிடித்தது. ரயில் தண்டவாளம் சில இடங்களில் பக்கத்திலேயே வரும், சில இடங்களில் செம்பனைக்குள் மறைந்துவிடும்.

இது ஒரு காலத்தில் பால்மரக் காடு. நம்மவர்கள் விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போன மண். இன்று பெரும்பகுதி செம்பனை. லயன் வீடுகள் காலியாகிப் போன தோட்டங்களிலும் சின்னதாய் ஒரு மாரியம்மன் கோயில் நிற்பதைப் பார்க்கலாம். ஆள் போனாலும் ஆத்தாள் போகவில்லை.

தோட்டங்களின் மண்சாலைகள் தார்ச்சாலையில் வந்து சேரும் இடங்களைக் கவனியுங்கள். பழம் ஏற்றிய லாரிகள் சக்கரத்தில் செம்மண்ணோடு வெளியே வருகின்றன. வெயிலில் அது புழுதி. மழையில் அது சிவப்புக் குழம்பு. மட்கார்ட் இல்லாத சைக்கிளில் அதைக் கடந்தால் பின்சக்கரம் முதுகில் கழுத்து வரை ஒரு கோடு போடும். முன்சக்கரம் செய்வது அதைவிட மோசம். காலணி நனையும், செயினுக்குள் மணல் போகும், தண்ணீர்ப் புட்டியின் வாயிலும் தெறிக்கும். சாலை நீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எலிக்காய்ச்சல் பரவுவதும் இப்படிப்பட்ட அசுத்த நீரால்தான். பின்னால் வரும் நண்பரின் முகத்தில் அடிப்பதும் நீங்கள் கிளப்பும் அதே நீர்தான்.

பாதையின் முடிவில் குளுவாங். 'கெலுவாங்' என்னும் பழந்தின்னி வௌவாலால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள ரயில் நிலையக் காப்பிக்கடை 1938 முதல் இருக்கிறது. வெண்ணெயும் காயாவும் தடவிய ரொட்டி, கெட்டியான காப்பி என்று பசியாறலாம். அந்த நாற்காலியில் செம்மண் ஒட்டாமல் உட்கார்ந்து எழுவது கடைக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை.

தாத்தாவின் கறுப்பு சைக்கிள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சைக்கிள் நினைவிருக்கும். ராலே, ஹெர்குலிஸ் என்று பெயர் பொறித்த கறுப்பு வண்டி. இரண்டு சக்கரத்துக்கும் முழு இரும்பு மட்கார்ட், செயினுக்கு மூடி, பின்னால் கேரியர், டைனமோ விளக்கு. அதில் பால் கேன் போனது, புல்லுக்கட்டு போனது. முன்கம்பியில் உட்கார்ந்து பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போனார்கள். மட்கார்ட் அங்கே தனியாக வாங்கிப் போடும் பொருள் அல்ல. சைக்கிள் என்றாலே அது இருக்கும்.

மழைக்காலத்தில் சைக்கிள் ஜொகூரின் வரலாற்றிலேயே ஓர் இருண்ட பக்கத்தையும் எழுதியிருக்கிறது. 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 31இல் ஜொகூர் பாருவை எட்டியது. பருவமழை பெய்யும் அதே வாரங்கள். படையினரில் ஏராளமானோர் சைக்கிளில் வந்தார்கள். உள்ளூர் மக்களிடம் பறித்த சைக்கிள்களும் அதில் இருந்தன. போருக்கு முன்பே ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவில் விற்பனையானதால் உதிரிபாகங்களும் எளிதாகக் கிடைத்தன. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தைத் தொடர்ந்து நம் மக்களுக்கு வந்தது சயாம் மரண ரயில். அதை நம் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எந்தச் சைக்கிள் இந்த மண்ணில் ஓடும் என்பது இங்கே பல தலைமுறைகளுக்குத் தெரிந்த விஷயம். இடையில் நாம் மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஒரு விரல் இடைவெளி

பிரிட்டனில் சைக்கிள் பிரியர்கள் பலர் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பார்கள். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு நல்ல வண்டியை அரித்துவிடும் என்பதால், மட்கார்ட் போட்ட விலை குறைந்த சைக்கிள் ஒன்றைக் குளிர்காலத்துக்கு ஒதுக்குவார்கள். நமக்கு உப்பு இல்லை, செம்மண்ணும் மணலும் உண்டு. இரண்டு சைக்கிள் வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. அதனால் வாங்கும் ஒன்றையே மழைக்கும் ஏற்றதாக வாங்கிவிட வேண்டும்.

கடையில் முதலில் குனிந்து பாருங்கள். முன் ஃபோர்க்கின் அடியிலும், பின்சக்கரம் மாட்டும் இடத்திலும் மட்கார்ட் கம்பிக்கென்று சிறு திருகுத் துளைகள் இருக்க வேண்டும். பந்தயத்துக்கென்று செய்த பல சைக்கிள்களில் இவை இருக்காது.

அடுத்து, டயருக்கும் அதன் மேலுள்ள ஃபோர்க்குக்கும் நடுவே சுண்டுவிரலை விடுங்கள். தாராளமாக நுழைந்தால் நல்லது. இடித்தால் அங்கே மட்கார்ட் போட முடியாது. போட்டாலும் மண் அடைத்துச் சக்கரம் உரசும். பின்பக்கமும் இதே சோதனை. நீங்கள் உண்மையில் ஓட்டப்போகும் டயரை மாட்டித்தான் இதைப் பார்க்க வேண்டும். நம் சாலைக்கு 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் பொருத்தம். மட்கார்ட் அதைவிட 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும்.

சைக்கிளில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பியும் பாருங்கள். மட்கார்ட் போட்ட பிறகு முன்சக்கரம் கால்விரலில் இடிக்குமா என்று தெரிந்துவிடும். குட்டையானவர்களுக்கு இது முக்கியம். மெதுவாகத் திரும்பும்போது விழவைப்பது இதுதான்.

பிரேக்கும் பணமும்

ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக்கில் இரண்டு அளவு உண்டு. பந்தய வண்டிகளில் வருவது 39 முதல் 49 மில்லிமீட்டர் எட்டும். மட்கார்டுக்கு இடம் விடுவது 47 முதல் 57 வரை எட்டும் வகை. டிஸ்க் பிரேக் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஈரத்திலும் அது நன்றாகப் பிடிக்கும், மணல் உரசி ரிம் தேயாது. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் விலை குறைவு, கம்பத்துக் கடையிலும் பழுது பார்க்கலாம்.

இருக்கும் பணத்தை எல்லாம் சைக்கிளிலேயே போட்டுவிடாதீர்கள். மட்கார்ட், முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம், பூட்டு ஆகிய நான்கின் விலையை முதலில் ஒதுக்குங்கள். மிச்சத்தில் வருவதுதான் உங்கள் சைக்கிள். கார்பன் ஃபிரேம் வேண்டாம், அலுமினியம் போதும். தவணையில் வாங்கிய பந்தய சைக்கிள் மூன்று மாதம் சுவரில் தொங்கினாலும் மாதாமாதம் வெள்ளி போய்க்கொண்டேதான் இருக்கும்.

பழையது வாங்கினாலும் தப்பில்லை. ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பயன்படுத்திய சைக்கிள்கள் மட்கார்டோடும் கூடையோடும் கிடைக்கின்றன. சந்தைக்கும் பக்கத்து ஊருக்கும் அது போதும். நீண்ட பயணத்துக்குப் பழைய இரும்பு ரோட் பைக் என்றால் பெடல் சுழலும் இடத்திலும் சீட் குழாய்க்குள்ளும் துரு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

போகக் கூடாத நாள்

எவ்வளவு நல்ல மட்கார்டும் வெள்ளத்துக்கு உதவாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இருமுறை மூழ்கியதை ஜொகூர் மறக்கவில்லை. சாலையின் வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் மறைந்தால் இறங்கித் திரும்பிவிடுங்கள். அடியில் குழி இருக்கிறதா, மூடியில்லாத சாக்கடை இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. இடி இடிக்கும்போது செம்பனை ஓரத்திலும் ஒதுங்க வேண்டாம். கடையோ கோயில் மண்டபமோ தேடுங்கள். தொடர்மழை எச்சரிக்கை வந்த வாரம் சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும்.

மற்ற நாட்களில் மழை ஒரு தடையே அல்ல. நமக்குப் பெய்வது சூடான ஊரின் மழை, நனைந்தால் நடுங்க வைக்காது. வீடு திரும்பியதும் சைக்கிளை நீர் ஊற்றிக் கழுவி, செயினைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடுத்த வாரத்துக்குத் தயார்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு வானம் கொஞ்சம் வெளுத்திருந்தால், வெளிச்சம் வந்ததும் கூலாயிலிருந்து கிளம்பிப் பாருங்கள். பின்விளக்கு எரியட்டும். லாயாங்-லாயாங்கில் ஒரு தேநீர், ரெங்கமில் சற்று ஓய்வு. மழை பிடித்தால் பிடிக்கட்டும், குளுவாங்கில் காப்பி சூடாகத்தான் இருக்கும்.