ஓரம் வெட்டிய வாக்னர்

பழைய பேஸ்பால் அட்டையின் ஓரத்தை மயிரிழை அளவு வெட்டினால் என்ன ஆகும்? மழுங்கிய முனை கூர்மையாகும், அட்டை புதிதுபோலத் தெரியும். சிக்கலே அதுதான்.

அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த டி206 வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அரிது. அதில் ஒன்று மட்டும் நம்ப முடியாத அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரது அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் அதை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். தரம் பார்க்கும் பிஎஸ்ஏ நிறுவனம் பத்துக்கு எட்டு போட்டது. 2007-ல் அதே அட்டை 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013-ல், முன்பு அந்த அட்டையை வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, அதை விற்பதற்கு முன் ஓரத்தைத் தானே வெட்டியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

ஓரம் வெட்டியது, சாயம் தீட்டியது என்று தெரிந்தால் தர நிறுவனங்கள் வழக்கமான மதிப்பெண் தருவதில்லை. சாதாரண அட்டை என்றால் விலை அதோடு சரிந்துவிடும். இந்த அட்டைக்கு அதன் புகழே கவசம்.

பழைய ஓவியத்தைச் செப்பனிட்டால் பாராட்டுகிறோமே, அட்டைக்கு மட்டும் ஏன் இந்தக் கறார்? நூறு வருடம் கைபடாமல் தப்பியது என்பதற்குத்தான் இங்கே காசு. கத்திரிக்கோல் அந்தத் தப்பித்தலைப் போலியாக உண்டாக்குகிறது. தேய்மானத்தை மறைக்காத அட்டைக்கும் மதிப்பு உண்டு: 2022-ல் பத்துக்கு இரண்டே வாங்கிய இன்னொரு வாக்னர் 72.5 லட்சம் டாலருக்கு விற்பனையானது.

என்னைக் கேட்டால், ஒட்டுங்கள், சுத்தம் செய்யுங்கள், தப்பில்லை. விற்கும்போது சொல்லிவிட்டு விற்க வேண்டும், அவ்வளவுதான்.