நான் 9.2, நீங்க?

பனியனை விரித்துப் பார்த்ததுமே அவள் முகம் சுருங்கிவிட்டது.

"இது நான் இல்ல, ஆன்ட்டி."

முதுகுப் பக்கம் முழுக்க அவள் படம்தான். கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டிய ஆறு வயதுக் குழந்தை, வெளுத்த உதடு, எங்கோ பார்க்கும் கண். அந்தப் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பித்தான் மும்பை மாரத்தானில் ஓடப் போகிறேன் என்று சொல்லிச் சென்னையில் நன்கொடை திரட்டியிருந்தேன். நோயைப் பற்றி விளக்கமாக எழுதி அனுப்பியதை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. படம் போன அன்று ராத்திரியே பணம் வர ஆரம்பித்தது. இதையெல்லாம் பதினொரு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அதுவும் இந்தியில்? வங்கி வேலையில் ஒட்டிக்கொண்ட இந்தி என்னுடையது. கணக்குத் திறக்கலாம், கடன் பாக்கி கேட்கலாம், சண்டை போட முடியாது.

"நீதாம்மா. சின்னப் பிள்ளையா இருந்தப்ப."

"ரத்தம் ஏத்துறதுக்கு முந்தின நாள் எடுத்தது அது. நீங்க காய்ச்சல்ல கிடக்கிறப்ப எடுத்த போட்டோவ உங்க ஆதார் கார்டுல போடுவாங்களா?"

ஆதார் கார்டில் எல்லோருமே அப்படித்தான் இருக்கிறோம் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

அவள் என் அலுவலகத் தோழியின் அண்ணன் மகள். பீட்டா தலசீமியா மேஜர். உடம்பு சரியான ஹீமோகுளோபினை உண்டாக்காது. பிறந்த சில மாதங்களிலேயே சோகை தொடங்கிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொடுத்த சிவப்பணுக்களை ஏற்றிக்கொண்டால்தான் அடுத்த மூன்று வாரம் ஓடும். இதைத் தோழி சொல்லிக் கேட்டிருந்த எனக்கு, மனதில் இருந்தது நம் சினிமாவின் நோயாளிக் குழந்தை. மெத்தையில் சாய்ந்தபடி தத்துவம் பேசுமே, அது. ஓட்டத்துக்கு முந்தின நாள் நான் அவர்கள் ஊரான உல்லாஸ்நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது இவள் சந்தில் ஸ்டம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் ரன் அவுட்டே இல்லை என்று நாலு பையன்களோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அவள் ஜெயிக்கும்வரை நான் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது.

மும்பையை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. எல்லோரும் எங்கோ நேரமாகிவிட்டதுபோல நடப்பார்கள். நின்று வழி கேட்டால் குற்றம் செய்துவிட்ட மாதிரி இருக்கும். கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி உல்லாஸ்நகரில் அந்த அவசரம் இல்லை. வீட்டு முகவரியில் 'கேம்ப் நாலு' என்று இருந்தது. முகாம் என்றால் எனக்குத் தெரிந்தது இலங்கை அகதிகளின் மண்டபம் முகாம்தான். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த முகவரியை எங்கேயும் சொல்லாமல் தப்பிக்கப் பார்ப்பதை அறிவேன். இங்கே கடைப் பலகை, ஆட்டோக்காரர் வாய், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் கேம்ப் ஒன்று, கேம்ப் மூன்று, கேம்ப் ஐந்து. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்காகக் கட்டிய கொட்டகைகள். பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்களை அங்கே குடியேற்றியிருக்கிறார்கள்.

"மதராஸிலேர்ந்தா வர்றீங்க?" என்று பெண்ணின் தாத்தா எழுந்து உட்கார்ந்தார். கராச்சியிலிருந்து கப்பலில் கைக்குழந்தையாக வந்தவர். "எங்க ஊருக்கு அடிக்கல் வெச்சதே உங்க ஊர்க்காரர்தான். ராஜகோபாலாச்சாரி."

உண்மைதான். 1949 ஆகஸ்ட் 8. அப்போது அவர் கவர்னர் ஜெனரல். எங்கள் வீட்டில் ராஜாஜி என்றால் குலக்கல்வித் திட்டம். என் அப்பாவுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே சாப்பாடு இறங்காது. இங்கே ஒரு பெரியவர் அதே பெயரை நன்றியோடு சொல்ல, நான் ஊர்ப்பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்திருக்க வேண்டும்.

சிந்தி, பஞ்சாபி, கட்ச் வட்டாரக் குடும்பங்களில் தலசீமியா மரபணு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. அதைச் சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. சுமக்கும் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு நோய் முழுதாக வர. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். "ஜாதகம் பார்த்தோம், ரத்தம் பார்க்கல" என்றார் பாட்டி, பருப்பில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில். பக்கத்தில் மருமகள் நின்றிருந்தாள். இருவருக்கும் அது பழைய பேச்சு போலிருக்கிறது. எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு சிந்தி கடி. கடி என்றதும் மோர்க்குழம்பு என்று முடிவு கட்டிவிட்டேன். வட இந்திய மோர்க்குழம்பில் சர்க்கரை போடுவார்கள் என்ற பயம் வேறு. தட்டில் ஊற்றியதில் மோரும் இல்லை, தயிரும் இல்லை. கடலை மாவைச் சிவக்க வறுத்து, புளி கரைத்து ஊற்றி, முருங்கைக்காய், வெண்டைக்காய், கொத்தவரங்காய் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்திருந்தார்கள். வெள்ளைச் சோறு, மேலே கடி, தொட்டுக்கொள்ள இரண்டு தடவை பொரித்த உருளைக்கிழங்கு. மூன்றாம் கவளத்தில் முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே நிமிர்ந்தேன். மறுநாள் ஓடப் போகிறவள் இவ்வளவு சாப்பிடக் கூடாது என்று ஓட்டக்குழுவில் சொல்லியிருந்தார்கள். பாட்டிக்கு அந்தக் குழுவைத் தெரியாது.

சாப்பாட்டின் நடுவே அந்தப் பெண்ணுக்கு டீ வந்தது. குழந்தைக்குச் சோற்றோடு டீயா என்று நான் பார்த்த பார்வை அவளுக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டர் சொன்னது. டீ குடிச்சா சாப்பாட்டுல இருக்கிற இரும்பு உள்ள போகாது."

எனக்கும் டீ நீட்டினார்கள். வேண்டாமென்று கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என்ன மாத்திரை என்று விசாரணை. இரும்புச்சத்து மாத்திரை, அதோடு டீ குடிக்கக் கூடாது. அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். அவளுக்கு ஏறும் ஒவ்வொரு பை ரத்தத்தோடும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்பில் வழியே கிடையாது. இதயத்திலும் ஈரலிலும் படிந்துகொண்டே போகும். நோயைவிட இந்த இரும்புதான் பல பிள்ளைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. அதைக் கட்டி இழுத்து வெளியே தள்ளும் மாத்திரையை அவள் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி இருக்கும் என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். முன்பெல்லாம் வயிற்றில் ஊசி செருகி, சின்ன பம்ப் வைத்து, ராத்திரி முழுக்க மருந்து ஏற்ற வேண்டியிருந்ததாம். நான் திரட்டிய பணமும் அந்த மாத்திரைக்கும், ஏற்றும் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை நீக்கும் வடிகட்டிக்கும்தான் போகிறது. அவள் வீட்டுக்கு அல்ல, அவளைப்போலப் பலருக்கு ரத்தம் ஏற்றும் மையத்தை நடத்துகிற அறக்கட்டளைக்கு. ஆக ஒரே சாப்பாட்டு மேஜையில் இரும்பைத் துரத்த மருந்து குடிக்கிறவளும் இரும்பைச் சேர்க்க மருந்து தின்கிறவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"உங்க எச்பி எவ்ளோ?" என்றாள்.

தெரியவில்லை. என் ஓட்ட வேகம் தெரியும், நாடித்துடிப்பு தெரியும். கைக்கடிகாரம் இன்றைக்கு எத்தனை அடி வைத்தேன் என்றுகூடச் சொல்லும். ஹீமோகுளோபின் தெரியாது. அவளுக்கு அது பெரிய அதிர்ச்சி. அவளுடையது அன்று காலைதான் பார்த்தது: 9.2. திங்கட்கிழமை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் ஒன்பதுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் டாக்டர் மெச்சுவாராம். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாதிரி சொன்னாள்.

"ரத்தம் குடுத்திருக்கீங்களா?"

"போனேன். எச்பி பத்தலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பன்னிரண்டரை இருக்கணுமாம்."

"நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட முடியும், ஒரு பை ரத்தம் குடுக்க முடியாதா?"

அவள் அப்பா அதட்டினார். நான் விளக்கப் போய் நிலைமையை இன்னும் கெடுத்தேன். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு ரத்தம் குறைவது வழக்கம். வியர்வையில் கொஞ்சம் இரும்பு போகும். பாதம் தரையில் அறையும்போதெல்லாம் உள்ளங்காலில் கொஞ்சம் சிவப்பணுக்களும் நொறுங்கும். இந்தியில் 'நொறுங்கும்' வராமல் அப்பளத்தை உடைத்துக் காட்டினேன்.

"அப்போ எனக்காக ஓடுறேன்னு சொல்லி ரத்தத்த ரோட்டுல கொட்டப் போறீங்க."

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கிளம்பும்போது என் அம்மாவும் ஏறக்குறைய இதையேதான் வேறு மாதிரி கேட்டாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பழனிக்கு நடக்கிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள், நடந்தால் முருகன் பார்த்துக்கொள்வான். நீ ஓடினால் யார் பார்த்துக்கொள்வார்கள்? நான் ஓடினால் என் நண்பர்கள் ஏன் பணம் தர வேண்டும் என்பது யோசிக்க யோசிக்க விசித்திரமாகத்தான் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடி கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டார்கள். புற்றுநோய்க்கு ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், 1980இல் கனடாவில் பொய்க்காலோடு தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் ஓடி, 143 நாளில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிற்க வேண்டியதாயிற்று. நாட்டு மக்களிடம் அவர் கேட்டது ஆளுக்கு ஒரு டாலர். அவர் நோயும் அவருடையது, ஓட்டமும் அவருடையது. அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அடுத்தவர் பிள்ளையின் நோயை முதுகில் அச்சடித்துக்கொண்டு ஓடுவதில்தான் இடிக்கிறது. ஆனால் பணம் வந்தது, மாத்திரை வாங்கியாகிறது. இதையும் சொல்லியாக வேண்டும்.

படத்தோடு ஓடக் கூடாது என்பதில் அவள் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. வேறு பனியன் என்னிடம் இல்லை. அவள் அப்பா ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். உல்லாஸ்நகரில் தெருவுக்குத் தெரு அந்தப் பட்டறைதான். பேசாமல் எழுந்துபோய் ஒரு டெனிம் துண்டை வெட்டிவந்து படத்தின்மேல் வைத்து நாலு பக்கமும் தையல் ஓட்டினார். அதன்மேல் அவள் வெள்ளைப் பெயின்டில் இந்தியில் எழுதினாள்: 'நான் 9.2. நீங்க?'

ஓட்டப் பனியனில் டெனிம் தைப்பது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி ஞாயிறு, விடியாத இருட்டில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் பக்கம் கிளம்பியது கூட்டம். எண் அட்டை நெஞ்சில், கேள்வி முதுகில். அதனால் என்னைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதைப் படிக்க முடியும். படிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. "ஒன்பது புள்ளி ரெண்டா? மணிக்கா? நல்ல வேகம்!" என்று ஒரு பையன் கட்டைவிரலை உயர்த்திவிட்டு ஓடினான். நான் அப்போது மணிக்கு எட்டு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மற்ற நாளில் நடந்து போக யாரையும் விடாத பாந்திரா வொர்லி கடல் பாலத்தில் எல்லோரும் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வியர்வையைக் குடித்த டெனிம் தோள்பட்டை எலும்பை அறுக்கத் தொடங்கியது அங்கேதான். வாசலின் தடவியும் பயனில்லை. எனக்கு அந்தப் பெண்மேல் கோபமாக வந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இல்லை, உண்மையாகவே கோபம்.

மாஹிம் தாண்டிய பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி பார்த்ததா?"

திரும்பினேன். என் வயதுதான் இருக்கும். குழந்தை மருத்துவராம். ஒன்பதுக்கு மேல் என்றால் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். என்னோடு கொஞ்ச தூரம் மெதுவாக வந்தார். "நான் பதிமூணு. வருஷத்துக்கு ரெண்டு தடவை குடுப்பேன். ஓட்டப் பயிற்சி தொடங்கினா நிறுத்திடுவேன், குடுத்தா சில வாரம் மூச்சு வாங்கும்." இங்கே ஓடுகிற பாதிப் பேர் அப்படித்தான் என்று சிரித்துவிட்டு முன்னால் போய்விட்டார். அத்தனை ஆரோக்கியமான உடம்புகள், பெரும்பாலானவை யாருக்காவது நிதி திரட்டுகிறவை, பந்தயம் முடியும்வரை ஒரு சொட்டு தர மாட்டோம் என்று பத்திரமாக வைத்துக்கொண்டு ஓடுகின்றன. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னால் என்ன கேட்பாள் என்று யோசித்ததில் ஹாஜி அலி வரை தோள் வலி தெரியவில்லை.

முப்பத்தைந்தாம் கிலோமீட்டர் சுமாருக்கு பெடர் ரோடு ஏற்றம். போகும்போது ஏறியதைத் திரும்பும்போதும் ஏற வேண்டும், செத்த காலோடு. சென்னையில் அதிகாலையில் ஓடினால் டீக்கடைப் பெஞ்சிலிருந்து பரிதாபமாகப் பார்ப்பார்கள். "என்னம்மா, யாராச்சும் துரத்துறாங்களா?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள். இங்கே அடுக்குமாடி வீடுகளிலிருந்து மொத்தக் குடும்பமும் இறங்கிவந்து நின்றது. ஆரஞ்சுச் சுளை, உப்பு, பிஸ்கட், டோலக்கு. பட்டுப் பைஜாமா போட்ட ஒரு கிழவர் என் வாயிலேயே சுளையை ஊட்டிவிட்டு, முதுகைப் படித்துவிட்டு, "பதினாலு!" என்று கத்தினார். பின்னால் இன்னொருவர் "எனக்குத் தெரியாதே!" என்றார். அவர் மனைவி "பத்துதான் இருக்கும், கீரையே சாப்பிட மாட்டார்" என்று ஊருக்கே அறிவித்தார். மும்பை பிடிக்காது என்று மேலே எழுதியதில் இந்தத் தெருவைக் கழித்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை ரயிலுக்கு முன்னால் ரத்தம் ஏற்றும் மையத்துக்குப் போனேன். படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குகிற நிலையில் இருந்தேன். அவள் கையில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்து போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலிகளிலும் பிள்ளைகள், எல்லார் தலைக்கு மேலும் சிவப்புப் பை.

"முடிச்சீங்களா?"

"முடிச்சேன்."

"எவ்ளோ நேரம்?"

"அஞ்சு மணி நேரத்துக்கு மேல."

அவள் பையை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பையை நாலு மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி.

"நான் உட்கார்ந்த இடத்துலயே உங்கள ஜெயிச்சிடுவேன்" என்றாள். "சரி, உங்க எச்பி பார்த்தீங்களா இல்லையா?"