படம் காட்டாத உண்மை

புதுக்கோட்டைப் பக்கத்தில் கற்குவாரிகள் பல. அங்கே குனிந்து கல் சுமப்போர்க்கு இடுப்புவலி புதிதன்று. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து எழுதும் எனக்கும் அது வந்தது, ஓராண்டாகியும் நீங்கவில்லை. முதுகெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளுள் ஒன்று பிதுங்கியிருப்பதாக ஸ்கேன் படம் காட்டியது. முதுகு முறிந்தே போகும் என அஞ்சிப் படுக்கையிற் கிடந்தேன், வலி மிகுந்தது.

மருத்துவர் என் அச்சத்தை அறிந்தார். "1994ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்தனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வட்டுப் பிதுங்கல் இருந்தது. ஆதலின் படத்தைக் கண்டு அஞ்சவேண்டா; நடங்கள். கால் வலுவிழந்தால் உடனே வாருங்கள்" என்றார்.

புதுக்குளக் கரையில் நாள்தோறும் சிறிது சிறிதாக நடந்தேன். வலி முற்றும் அகலவில்லை, அச்சம் அகன்றது. அச்சம் அகன்றபின் எஞ்சிய வலி தாங்கத்தக்கதாயிற்று.