என் கால் பிழைத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். படகு இல்லத்தில் சுற்றுலா வந்தவர்கள் கூட்டம். பங்காளி முறையில் எனக்குத் தம்பியாகும் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை.

"கம்பவுண்டரண்ணே, மிளகுத் தோட்டத்தை ஒத்திக்கு வைக்கலாம்னு இருக்கேன். பட்டணத்துல ஆக்சிஜன் பெட்டிக்குள்ள படுக்க வெச்சு நாப்பதே நாள்ல நடக்க வெச்சிருவாங்களாம். உங்க காலும் அதுலதானே பொழச்சுது?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முப்பத்தொரு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தவன் நான். ஊரில் எல்லோருக்கும் கம்பவுண்டர்தான். என் கால் பிழைத்தது உண்மை. அந்தப் பெட்டிக்குள் முப்பது நாள் படுத்ததும் உண்மை. ஆனால் இரண்டையும் இப்படி ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டால் அவர் தோட்டம் போய்விடும். அன்று அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினாறு வருடம் ஆகிறது. மூன்று வருடங்களுக்கு முன் ஆடிப் பதினெட்டு அன்று அறப்பளீஸ்வரர் கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்தேன். காலில் ஏதோ குத்தியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் வலி தெரியாது என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரிதான் பார்த்தாள். "என்னங்க, பாயெல்லாம் ரத்தமா இருக்கு!" என்றாள்.

அப்போதாவது டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்குத் தெரியாத மருந்தா என்று நானே பவுடர் போட்டேன், நானே மாத்திரை சாப்பிட்டேன். இரண்டு வாரத்தில் விரல் கறுத்தது. சோளக்காட்டுச் சந்தைக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து உட்கார்ந்துவிட்டேன். நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு வரை சீழ். இரண்டாவது விரலை எடுத்தார்கள். அதன் பிறகும் புண் ஆறவில்லை. ஒரு மாதம் தாண்டியதும், கணுக்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்ற பேச்சு வந்தது. மகள் வந்து சென்னைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே முதலில் ஆக்சிஜன் பெட்டியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. காலுக்கு ரத்தம் போகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு குழாயில் அடைப்பு. அதை பலூன் வைத்துத் திறந்தார்கள். செத்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்தி இன்சுலின் போட்டார்கள். அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்கள். அதற்கப்புறம், புண்ணைச் சுற்றியுள்ள தோலில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கருவியை ஒட்டி அளந்துவிட்டுத்தான், "உங்களுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை உதவலாம், முப்பது தடவை பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

அது என்ன வைத்தியம் என்று கேட்டேன். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அழுத்தம் கொடுத்தால் வாயு தண்ணீரில் கரையும். சாதாரணமாக நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை ரத்தத்தின் சிவப்பணுக்கள்தான் சுமந்து போகின்றன. ரத்தத்தின் நீரில் கரைவது மிகக் கொஞ்சம். ஆளை ஒரு பெட்டிக்குள் வைத்து, காற்றழுத்தத்தை இரண்டு, இரண்டரை மடங்காக்கி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க விட்டால் அந்த நீரிலேயே பல மடங்கு கரைந்து போகும். ரத்தம் சரியாகப் போகாத மூலைக்கும் கொஞ்சம் எட்டும். புதிய நுண்குழாய்கள் வளரத் தூண்டும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களுக்கும் பலம்.

சோடா மூடியைச் சட்டென்று திறந்தால் பொங்குமே, அந்தக் கெடுதலுக்கும் இதே பெட்டிதான் மருந்து. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்கள் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். கை கால் விழுந்துவிடும். அவர்களைத் திரும்ப அழுத்தத்தில் வைத்து மெதுவாக வெளியே கொண்டுவர வேண்டும். மும்பையில் கடற்படையின் அஸ்வினி மருத்துவமனையை ஒட்டிய கடற்படை மருத்துவ நிறுவனத்தில் இந்த வைத்தியம் பல வருடமாக நடக்கிறது. குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு படுத்து, கார்பன் மோனாக்சைடு ஏறியவர்களுக்கும் இது தருவதுண்டு. நம் மலையில் விடுதி நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதல் நாள் பெட்டிக்குள் போகும்போது பயமாகத்தான் இருந்தது. கண்ணாடிக் குழாய் மாதிரி, ஒரு ஆள் படுக்கும் அளவு. ஆனால் அழுத்தம் ஏற ஏறக் காது அடைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நம்ம காரவள்ளி இறக்கம் அல்லவா! எழுபது கொண்டை ஊசி வளைவில் பஸ் கீழே இறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கி விழுங்கித் திறப்போமே, அதே கதைதான். மேலே ஏறும்போது காது தானாகத் திறந்துகொள்ளும். இறங்கும்போதுதான் நாம் திறக்க வேண்டும். பெட்டிக்குள் அழுத்தம் ஏறுவதும் கீழே இறங்குவது மாதிரிதான். கொல்லிமலையிலிருந்து சமவெளிக்கு வந்தால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் கூடும். பெட்டிக்குள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடலுக்குள் பதினான்கு மீட்டர் இறங்கியதற்குச் சமம். அதுதான் வித்தியாசம்.

ஒன்பதாம் நாள் எனக்குச் சளி. சொன்னால் ஒரு நாள் தள்ளிப்போகுமே என்று சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டேன். காதில் கம்பியை விட்டது மாதிரி வலி. கையை ஆட்டினேன். டெக்னீஷியன் பையன் உடனே அழுத்தத்தை நிறுத்திக் கொஞ்சம் குறைத்தான். வெளியே வந்ததும், "ஐயா, மருந்துக் கடையில இருந்தவரு நீங்களே மறைக்கலாமா? செவிப்பறை கிழிஞ்சிருக்கும்" என்றான். தலையைக் குனிந்துகொண்டேன். சளி, காய்ச்சல், காதில் பழைய ஆபரேஷன், நுரையீரல் கோளாறு, வலிப்பு, சாப்பிடும் மருந்துகள், ஏற்கனவே போட்ட புற்றுநோய் ஊசிகள் எதையும் மறைக்கக் கூடாது. முக்கியமாக, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் பெட்டிக்குள் போவது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

தினமும் சோதனை நடக்கும். அவர்கள் கொடுக்கும் பருத்தி உடைதான். கைக்கடிகாரம், செல்போன், மூக்குக் கண்ணாடி எல்லாம் வெளியே. தலையில் தேங்காய் எண்ணெய் கூடாது, வாசனைத் திரவியம் கூடாது. மகள் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போன ஒரு நாள் திருப்பி அனுப்பினார்கள். கையில் ஒரு பட்டை கட்டி அதைத் தரையோடு இணைத்தார்கள், உடம்பில் மின்பொறி தங்காமல் இருக்க.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எனக்கும் எரிச்சல்தான். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மருத்துவமனையின் அழுத்த அறையில் தீப்பிடித்துப் பதினோரு பேர் இறந்தார்கள். குளிருக்கு ஒருவர் உள்ளே கொண்டுபோன கை சூடேற்றும் கருவியிலிருந்து நெருப்பு வந்ததாகச் சொல்லப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பெட்டிக்குள்ளேயே தீயில் போய்விட்டது. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும். இதைப் படித்த பிறகு எண்ணெய்ச் சீசாவை நானே மகள் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்தேன்.

அடுத்தது சர்க்கரை. பெட்டிக்குள் இருக்கும்போது சர்க்கரை இறங்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ஒவ்வொரு நாளும் உள்ளே போகும் முன் விரலில் குத்திப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட வைத்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

ஆக்சிஜன்தானே, அதிகமானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அளவு மீறினால் அதுவும் விஷம். அழுத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சினால் வலிப்பு வரும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1878-லேயே எழுதிவிட்டார். ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற பெரிய விஞ்ஞானி, 1957-ல் இந்தியாவுக்கே வந்து தங்கி 1964-ல் புவனேஸ்வரில் இறந்தவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தன் உடம்பையே அழுத்த அறையில் சோதனைக்குக் கொடுத்தார். அப்படி வந்த ஒரு வலிப்பில் அவர் முதுகெலும்பு நசுங்கியது. இன்றைக்கு அளவும் நேரமும் கணக்காக இருப்பதால் வலிப்பு அரிது. எனக்கு ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம். நடுநடுவே முகமூடி வைத்து ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று. அந்த இடைவேளை அதற்காகத்தான்.

இருபதாம் நாள் வாக்கில் ஒரு அதிசயம். கண்ணாடி போடாமல் பேப்பர் படித்தேன்! வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, "கண்ணும் வந்திருச்சு" என்றேன். டாக்டர் சிரித்தார். கண்ணின் லென்ஸ் தற்காலிகமாக மாறி, கிட்டப் பார்வை வந்திருக்கிறது, சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும், புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள் என்றார். அப்படியே ஆனது.

முப்பது நாள் முடிந்தபோது புண் பாதிக்கு மேல் மூடியிருந்தது. மலைக்குத் திரும்பி, மேலும் இரண்டு மாதம் கட்டுப் போட்டு, காலை ஊன்றாமல் இருந்த பிறகுதான் முழுக்க ஆறியது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். என் காலைக் காப்பாற்றியது பெட்டியா? அடைப்பைத் திறந்ததா? இன்சுலினா? காலை ஊன்றாமல் கிடந்ததா? என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய ஆய்வுகளே ஒரே மாதிரி சொல்லவில்லை. 2010-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், பெட்டி சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடத்தில் 52 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. பெட்டிக்குள் வெறும் காற்று பெற்றவர்களில் 29 சதவீதம். 2018-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 120 பேரைப் பார்த்ததில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆக, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் ஆறாத புண்ணுக்கு, ஆளைப் பார்த்துத் தரும் துணை மருந்து இது. பீடியை விடாமல், சர்க்கரையை அடக்காமல், பெட்டியில் மட்டும் படுத்தால் பணம்தான் போகும்.

பழைய பக்கவாதத்துக்கு இது ஏற்கப்பட்ட வைத்தியம் இல்லை. ஆட்டிசம், புற்றுநோய் என்று எல்லாவற்றையும் குணமாக்கும் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-லேயே எச்சரித்தது. இப்போது அழகு நிலையங்களில் காற்றடித்த பை மாதிரி ஒன்றை வைத்து இளமை திரும்பும் என்கிறார்கள். அதில் வரும் அழுத்தம் ஒன்றே கால் மடங்கு சொச்சம்தான். பேர் ஒன்று, சரக்கு வேறு.

தம்பியிடம், "யாராவது சொன்னா நாலு கேள்வி கேளு. இந்த நோய்க்கு இது ஏற்கப்பட்ட வைத்தியமா? எத்தனை தடவை, பாதியில பலன் இல்லேன்னா நிறுத்துவீங்களா? பக்கத்துல டாக்டர் இருப்பாரா? தீ விபத்துக்கு என்ன ஏற்பாடு? பதில் மழுப்பினா திரும்பி வந்துடு" என்றேன். அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அவளுக்கு வழியே இல்லையாண்ணே?" என்றார்.

அந்தக் கேள்விதான் ரெண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. வழி இல்லை என்று நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அவரையும் அந்தப் பிள்ளையையும் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். பிசியோதெரபி நின்றே நான்கு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, விரல்களில் அசைவு இருக்கிறது, தினமும் செய்தால் இன்னும் முன்னேறலாம், அவசரப்பட வேண்டாம் என்றார். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தம்பியே பழகிக்கொண்டார். தோட்டம் இப்போதைக்கு அவரிடம்தான் இருக்கிறது.

நான் தினமும் ராத்திரி படுக்கும் முன் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்கால் இரண்டையும் பார்க்கிறேன். சர்க்கரை உள்ளவர்கள் இன்று ராத்திரியே பாருங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.