பலெர்மோவில் கண்ட சிறுகோள்

ஒரு செய்தியைக் கேட்டவாறே, கூட்டாமலும் குறைக்காமலும் காத்து ஒப்படைக்கும் திறனை ஹதீஸ் கலை வல்லார் 'ளப்து' என்பர். மாணவர்க்கு இச்சொல்லை விளக்குங்கால், அறிவிப்பாளர் வரலாறுகளுடன் வானியல் வரலாறு ஒன்றையும் நான் எடுத்துக் கூறுவதுண்டு.

சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ, 831 முதல் 1072 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அரபியர் கோட்டை நின்ற இடத்தில் எழுந்த நார்மன் அரண்மனையின் கோபுரமொன்றில் பிற்காலத்தே வானாய்வுக்கூடம் அமைந்தது. அதன் தலைவர் கியூசெப்பே பியாஸி என்னும் கிறித்தவத் துறவி. விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்து பட்டியலிடுவது அவர் பணி. ஒவ்வொரு மீனையும் பல இரவுகள் அளப்பது அவர் வழக்கம்.

1801 ஜனவரி 1ஆம் நாளிரவு, ரிஷப ராசியில் மங்கலான ஒளிப்புள்ளி ஒன்றைக் குறித்தார். மறுநாள் அது இடம் மாறியிருந்தது. வேறொருவராயின் புதுமை கண்டேன் என்று பறைசாற்றியிருப்பார். அவரோ தம் முந்திய நாள் அளவையே ஐயுற்றார். அடுத்தடுத்த இரவுகளிலும் அளந்த பின்னரே, நகர்வது அப்புள்ளியே எனத் தெளிந்தார். வால்வெள்ளி என்று அறிவித்தார். அதனினும் சிறந்ததாகலாம் என்று நண்பருக்கு மட்டும் எழுதினார். பிப்ரவரி 11க்குப் பின் நோய் தடுத்தது. புள்ளியும் கதிரவன் ஒளியில் மறைந்தது.

அளவுகளை முழுமையாகப் பிறர்க்கு வழங்க அவர் தாமதித்தார், வானியலார் குறைகூறினர். அக்குறை நேரியதே. எனினும், அவை கைக்கு வந்தபோது, 24 வயதுக் கணித அறிஞர் காவுஸ் அதன் பாதையைக் கணித்தார். சூரியனைச் சுற்ற நாலரை ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும் பொருளை 41 நாள் அளவுகளால் தேடிப் பிடிக்க வழி பிறந்தது. டிசம்பர் 31 இரவு, காவுஸ் கணித்த இடத்தருகே, வான் ஸாக் அதனை மீண்டும் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களில் முதன்முதல் அறியப்பட்ட சீரிஸ் அதுவே. ஏறத்தாழ 940 கிலோமீட்டர் குறுக்களவுடைய அதனை 2006இல் குறுங்கோள் என வகைப்படுத்தினர்.

அந்த ரிஷப ராசியின் ஒளிமிக்க மீனை உலகம் இன்றும் 'அத்தபரான்' என்ற அரபுச் சொல்லின் திரிபாலேயே அழைக்கிறது. அதைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். பெயர் நம்முடையது; அன்று விழித்திருந்த கண் வேறொருவருடையது. நம் முன்னோர் ஹதீஸில் பேணிய ளப்தை அத்துறவி வானில் பேணினார். அளவொன்றை அவர் ஊகித்து எழுதியிருப்பின், காவுஸின் கணக்கு வழி தவறியிருக்கும்.

கண்டவாறே காத்தலும், காலம் தாழ்த்தாது ஒப்படைத்தலும் கல்வியின் இரு அமானத்துகள். முதலாவதைப் பியாஸியிடம் கற்குமாறும், இரண்டாவதில் அவரை மிஞ்சுமாறும் என் மாணவர்க்குச் சொல்வேன்.