பழைய கொப்பு, புதுத் துளிர்

வீடு வாங்கிய முதல் வருஷம், நவம்பர் மாதம். பின்பக்க வேலியோரம் நின்ற ஒரு புதரை மொட்டையடித்தேன். இலையெல்லாம் கொட்டி வெறும் சுள்ளியாக நின்றது. அதன் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. கார்த்திகையில் பூச்செடிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

சொந்த ஊரான கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுப் பொடக்காளியில், துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு குண்டுமல்லி உண்டு. சோப்புத் தண்ணீர் குடித்தே வளர்ந்த செடி. கார்த்திகை பிறந்ததும் அம்மா கொடுவாளை எடுத்து அதை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடுவார். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்வதும் இதுவேதான்: நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து. மல்லி புதுத் துளிரில் பூக்கிற சாதி. எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு துளிர், அவ்வளவு மொட்டு. பங்குனியில் ஆரம்பிக்கும், வைகாசி வரை கை ஓயாது.

அந்தக் கணக்கில்தான் வெட்டினேன். கனடாவின் ஹாமில்டன் நகரத்தில்.

அடுத்த மே மாதக் கடைசியில் எங்கள் தெரு முழுக்க ஒரு வாசம். வீட்டுக்கு வீடு இளஊதாக் கொத்துகள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தன. அது லைலாக் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். என் வீட்டு லைலாக்கில் பச்சைப் பசேலென்று இலை மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டுப் போர்ச்சுக்கல்காரப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "இதை எப்போ வெட்டினே?"

"நவம்பர்ல."

"பூவையெல்லாம் வெட்டிப் போட்டுட்டியே!"

வெட்டும்போது ஒரு பூகூட இல்லையே என்றேன். அவர் தன் செடியின் கிளை ஒன்றை வளைத்துக் காட்டினார். லைலாக் போன வருஷத்துக் கொப்பில் பூக்கிற சாதி. இந்த வருஷம் பூத்து முடிந்த கையோடு, கோடையிலேயே, அடுத்த வருஷத்துக்கான மொட்டைக் கட்டிவிடும். குளிர்காலம் முழுக்க அந்த மொட்டு கடுகு மாதிரி இறுகி, பனிக்குள் தூங்கும். போதுமான நாள் குளிரில் கிடந்தால்தான் விழிக்கும். கருமத்தம்பட்டியில் நட்டால் வளரலாம், பூக்காது. நான் சுள்ளி என்று நினைத்து வெட்டியது, மொட்டு முழுவதையும் சுமந்து நின்ற கொப்பு.

வெட்டின கை பழகின கைதான். மாதம்தான் தப்பு.

அதற்குப் பிறகு இந்த ஊரில் எனக்கு நடந்த பாதித் தப்புகளுக்கு அதுவே காரணம் என்று புரிந்தது. ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததும் தக்காளி நாற்று நட்டேன். ஒரே ராத்திரி உறைபனியில் கருகிவிட்டது. விக்டோரியா தினத்துக்கு முன்னால் எதையும் வெளியே நடாதே என்பது இங்கே எழுதாத சட்டம். மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை அது. ஒரு மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை, ஆடிப்பட்டம் மாதிரி ஒரு நாற்றுப் பட்டமாக ஆகிவிட்டது. அந்த வாரக் கடைசியில் ஊரே மண்ணோடு நிற்கும்.

தமிழில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். இரண்டு ஊருக்கும் அது ஒரே மாதம்தான். எங்கள் பக்கம் அப்போது வெயில் 36 டிகிரியைத் தாண்டும். சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். மண்ணுக்குள் வருஷம் பூரா காணாமல் கிடக்கிற மே மாதப் பூ, திடீரென்று தொட்டியில் சிவப்புப் பந்தாக நிற்கும். மல்லி உச்சத்தில் இருக்கும். மே மாதம் மாதாவின் வணக்க மாதம் என்பதால் ஜெபமாலை மாதா கோயிலுக்கும் பூ போகும், மாரியம்மனுக்கும் போகும், மிஞ்சியது எங்கள் சடைக்கு வரும். பொழுதோட மொட்டைப் பறித்து, ராத்திரி விரிய விட்டு, காலையில் வாடினதைக் கழற்றி எறிவோம். நாளைக்கு வேறு பூ இருக்கும் என்கிற தைரியம்.

இங்கே பூவை யாரும் பறிப்பதில்லை என்பதே முதலில் எனக்கு உறுத்தியது. லைலாக் இரண்டு வாரம், பியோனி அதைவிடக் குறைவு. பியோனி மொட்டில் எறும்பு ஊர்வதைக்கூட நின்று ரசிப்பார்கள். ஆசைக்கு ஒரு வருஷம் லைலாக்கை உதிர்த்து நாரில் கட்டி மகளுக்கு வைத்துவிட்டேன். பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் துவண்டுவிட்டது. கண்ணுக்குப் பூக்கிற பூ, கைக்கு வராது.

லைலாக்கும் இந்த மண்ணில் பிறந்ததில்லை. ஐரோப்பாவின் தென்கிழக்கு மலைச்சரிவுகள்தான் அதன் சொந்த ஊர். குடியேறிகள் கொண்டுவந்து வாசலில் நட்டார்கள். ஒன்டாரியோவின் கிராமப் பக்கம் காரில் போனால், வெறும் புல்வெளிக்கு நடுவே தனியாக ஒரு லைலாக் புதர் பூத்து நிற்பதைப் பார்க்கலாம். அங்கே ஒரு காலத்தில் வீடு இருந்திருக்கிறது என்று அர்த்தம். வீடும் போய், ஆளும் போய், வாசல் மட்டும் பூக்கிறது.

ஹாமில்டனில் உள்ள ராயல் பொட்டானிக்கல் கார்டன்ஸில் லைலாக்குக்கென்றே ஒரு பள்ளம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கேதான் இசபெல்லா பிரெஸ்டன் பெயரை முதலில் பார்த்தேன். 1881-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1912-ல் கனடா வந்தவர். 1920-ல் ஒட்டாவாவின் மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் சேர்ந்து, செடிக்குச் செடி மகரந்தம் மாற்றி இந்தக் குளிருக்குத் தாங்குகிற லைலாக்குகளை உருவாக்கினார். சாதாரண லைலாக் ஓய்ந்த பிறகு, சுமார் இரண்டு வாரம் தள்ளிப் பூக்கிறவை. தாவரவியலில் அந்த இனத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அவரோ தன் லைலாக்குகளுக்கு ஷேக்ஸ்பியர் நாடகப் பெண்களின் பெயரை வைத்தார். லில்லிகளுக்கு? பண்ணை அலுவலகத்தில் தட்டச்சு செய்த சுருக்கெழுத்துப் பெண்களின் பெயர். அந்தப் பலகையைப் படித்தபோது, எங்கள் சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் கோன் சுற்றுகிற அக்காமார்கள் பெயரில் ஒரு பூ இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது.

என் மல்லியையும் விடவில்லை. ஊர்ச் செடியை மண்ணோடு கொண்டுவர சட்டம் விடாது. ஸ்கார்பரோவில் ஒரு தமிழ்க் கடை வாசலில் கறிவேப்பிலைக் கன்றுகளோடு ஒரு தொட்டி கிடைத்தது. சீட்டில் 'அரேபிய மல்லிகை' என்று போட்டிருந்தது. என் பெயரையும் இந்த ஊர் அலுவலகங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், வாங்கிக்கொண்டேன். ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உள்ளே, ஏறினால் வெளியே. அதற்குக் கவாத்து மார்ச்சில். லைலாக்குக்கு ஜூனில். ஒரே கத்தரிதான், நாள்காட்டிதான் இரண்டு.

போன வருஷம் அம்மா, பெற்றோருக்கான சூப்பர் விசாவில் வந்தார். விக்டோரியா தினம் கழித்த வாரம். வந்த மறுநாள் வெள்ளென எழுந்து, செருப்புக்கூட இல்லாமல் புல்லில் நின்று லைலாக்கை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா இதை எங்கிட்டு வைக்கறது?" பிறகு இரண்டு கொத்தை ஒடித்துப் பிள்ளையார் படத்துக்கு வைத்தார். வேலிக்கு அப்பால் போர்ச்சுக்கல் பாட்டி கை ஆட்டினார். அம்மாவும் ஆட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது.

ஜூன் பிறந்ததும் இங்கே காட்டன்வுட் மரங்கள் விதையைப் பஞ்சாகப் பறக்கவிடும். தெரு ஓரமெல்லாம் வெள்ளையாக ஒதுங்கும். சளி, தும்மல் வருகிறது என்று எல்லாரும் அதைத் திட்டுவார்கள். எங்கள் தொட்டி மல்லி இலையிலும் அது படிந்திருந்தது. விசைத்தறி ஓடுகிற ஊரில் பொடக்காளிச் செடியெல்லாம் அப்படித்தான் இருக்கும். பூவைப் பறிக்கும் முன் பஞ்சை ஊத வேண்டும். அம்மா ஒரு இலையை விரலால் வழித்துப் பார்த்தார்.

"இங்க எங்க அம்மணி தறி ஓடுது?"

அன்றைக்குத்தான் லைலாக் வாடி முடிந்திருந்தது. கத்தரியை அம்மா கையில் கொடுத்தேன். வாங்கியவர் வெட்டாமல் நின்றார். "இப்பவா? பூத்து ஓஞ்ச கையோடயா? செடி இன்னும் பச்சையாத்தான கண்ணு இருக்குது?"

"இதுக்கு இப்பத்தானுங்கம்மா. கார்த்திகையில வெட்டுனா மொட்டெல்லாம் போயிரும்."

நம்பின மாதிரி தெரியவில்லை. வாடின கொத்து ஒன்றைப் பிடித்து, காம்போடு விரலைக் கீழே இறக்கிக்கொண்டே போனார். கொத்து முடிகிற கணுவில் நின்றார். இரண்டு பக்கமும் நெல் அளவுக்குத் துளிர் கிளம்பியிருந்தது. போர்ச்சுக்கல் பாட்டி எனக்குச் சொல்லித்தர இரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட இடம் அது.

"இந்தா, இருக்குதுல்ல ரெண்டு துளிரு," என்றார் அம்மா. "இதுக்கு மேலதான வெட்டோணும்?"

நான் பதில் சொல்வதற்குள் வெட்டிவிட்டு, அடுத்த கொத்துக்குப் போயிருந்தார்.