வரப்பு உடைவதும் நரம்பு துடிப்பதும்

ஐப்பசி மழையில் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களில் நடப்பதுதான். வரப்பில் ஒரு நண்டு வளை இருக்கும். தண்ணீர் கொஞ்சமாகக் கசிந்தால் ஒரு கை மண்ணை அப்பினால் போதும், நின்றுவிடும். கசிவு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் கதை வேறு. ஓடும் நீர் மண்ணை அரிக்கும், துளை பெரிதாகும், பெரிதான துளையில் நீர் இன்னும் வேகமாக ஓடி இன்னும் அரிக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரப்பு போய்விடும்.

நரம்புச் செல் செய்வதும் ஏறக்குறைய இதுதான். சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். சின்னத் தூண்டல் வந்தால் தானாக அடங்கிவிடும். வரம்பைத் தாண்டிய தூண்டல் என்றால் (வரப்புக்கும் எல்லைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எவ்வளவு வசதி!) சோடியம் வாயில்கள் திறக்கும், சோடியம் உள்ளே வர மின்னழுத்தம் ஏறும், ஏறியதால் இன்னும் பல வாயில்கள் திறக்கும். வயலில் உடைப்பை அடைக்க மண்வெட்டியோடு ஆள் ஓடிவர வேண்டும். செல்லில் சோடியம் வாயில்கள் தாமே அடைத்துக்கொள்ளும், மெதுவாகத் திறக்கும் பொட்டாசியம் வாயில்கள் மீதி வேலையைப் பார்க்கும். இது முடிந்து பழைய நிலை திரும்பும்வரை அடுத்த துடிப்பு எளிதில் வராது.

இதைக் கணக்காக்கியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். கணவாயின் பருத்த நரம்பிழையில் அளந்து பார்த்து, 1952-ல் நான்கு மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தந்தார்கள். கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைத் தீர்த்தார். 1963-ல் நோபல் பரிசு.

நான்கு மாறிகளைத் தாளில் வரைய முடியாதே! 1961-ல் ஃபிட்ஸ்ஹ்யூ அவற்றை இரண்டாகக் குறைத்தார்: வேகமாக மாறுவது ஒன்று, மெதுவாக மீட்பது ஒன்று. போன்ஹோஃபர்-வான் டெர் பால் மாதிரி என்று அதற்குப் பெயர். சோடியத்தையும் காணோம், பொட்டாசியத்தையும் காணோம். உயிரியல்காரர்கள் முகம் சுளித்தால் தப்பில்லை. ஆனால் வரம்பு, துடிப்பு, ஓய்வு மூன்றும் ஒரே கிராஃப் தாளில் தெரிந்தன.

டெல்டாவின் தலைமாட்டில் இருக்கும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராஜசேகரும் எம். லட்சுமணனும் இதே மாதிரிக்குச் சீரான தாளத்தில் தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். 1988-ல் பிசிக்கா டி இதழில் அந்தக் கட்டுரை வந்தது. சில இடங்களில் துடிப்பு தூண்டலோடு தாளம் சேர்ந்து நின்றது. வேறு இடங்களில் அதன் சுற்று இரட்டித்து, மறுபடி இரட்டித்து, கடைசியில் ஒரு சுற்றைப் போல இன்னொன்று வராமல் போனது. இத்தனைக்கும் சமன்பாட்டில் சீட்டுக் குலுக்கல் எதுவும் கிடையாது.

தாளம் தப்பினால் எங்கோ ஒரு பாகம் பழுது என்றுதான் யாருக்கும் தோன்றும். பழுதில்லாத செல்லும் சீரான தூண்டலும் சேர்ந்தே அலங்கோலத்தைத் தரலாம் என்கிறது இந்தக் கணக்கு. அதற்காக நெஞ்சுவலிக்குச் சமன்பாட்டை அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிட வேண்டாம்! நிஜ இதயத்தில் கோடிக்கணக்கான செல்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. ஒரு வரப்பு உடைந்தால் பக்கத்து வரப்பு எப்போது உடையும் என்பது இன்னும் கடினமான கேள்வி.

கூட்டமாகச் சேர்ந்த அலைவிகளைப் பற்றிய ஆராய்ச்சி தஞ்சாவூரை ஒட்டிய திருமலைசமுத்திரத்திலும், சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில், நடக்கிறது. அங்கே ஆராயப்படும் விசித்திரங்களில் ஒன்று சிமேரா நிலை: எல்லாம் ஒரே மாதிரி அலைவிகள், இணைப்பும் ஒரே மாதிரி, ஆனாலும் ஒரு பகுதி தாளத்தோடு ஆட, மறுபகுதி தறிகெட்டு ஆடும்.